சிறு கல்லூரிகளின் விளையாட்டு உடன்படிக்கை

தமிழ் கற்பிப்போர் வின்சுலோவின் அகராதியை நன்கு அறிவர். 67,000-க்கு மேற்பட்ட சொற்களுக்கு ஆங்கிலத்தில் பொருள் தந்து 1862-ஆம் ஆண்டு சென்னையில் வெளிவந்த பெருநூல் அது. அதனை முடித்துத் தந்த மைரன் வின்சுலோ அமெரிக்க நாட்டின் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தவர். அம்மாநிலத்து மிடில்பரி கல்லூரியில் பயின்றவர். யாழ்ப்பாணத்திலும் பின்னர்ச் சென்னையிலும் தொண்டாற்றியவர். அவர் பயின்ற மிடில்பரி இன்றும் ஒரு சிறு கல்லூரியே. மாணவர் தொகை மூவாயிரத்துக்கு உட்பட்டது. ஆயினும் விளையாட்டைப் பற்றி ஆராய்வோர் அக்கல்லூரியையும் அதனோடு ஒத்த பத்துக் கல்லூரிகளையும் அடிக்கடி எடுத்துப் பேசுவர். அவை பதினொன்றும் சேர்ந்து அமைத்துக்கொண்ட ஓர் உடன்படிக்கையே அதற்குக் காரணம். நியூ இங்கிலாந்துச் சிறு கல்லூரிகள் விளையாட்டுக் கூட்டமைப்பு என்பது அதன் பெயர்.

இவ்விடத்தில் ஒரு சொல் விளக்கம் தேவை. இத்தகைய அமைப்பை அமெரிக்கர் ‘கான்பரன்ஸ்’ என்பர். அகராதியைப் பார்த்து அதனை ‘மாநாடு’ என்று பெயர்த்தால் பொருள் கெடும். மாநாடு கூடும், கலையும். இதுவோ கலையாதது. அருகருகே உள்ள கல்லூரிகள், ‘நாங்கள் ஆண்டுதோறும் எங்களுக்குள் ஆடுவோம், இன்ன விதிக்கு எல்லோரும் கட்டுப்படுவோம்’ என்று எழுதிக் கையொப்பமிட்டுக்கொள்ளும் ஏற்பாடு. கூட்டமைப்பு என்ற சொல் ஒருவாறு பொருந்தும். உடன்படிக்கை என்பது அதன் உயிரை இன்னும் நன்றாகக் காட்டுகிறது.

அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே நடந்த முதற் போட்டி 1852-இல் ஹார்வர்டும் யேலும் ஓர் ஏரியில் நடத்திய படகுப் பந்தயம். அதன் செலவை ஏற்றது ஒரு புகைவண்டி நிறுவனம். பந்தயம் பார்க்க வருவோர் புகைவண்டியில் வருவர் என்பது அதன் கணக்கு. ஆக, மாணவர் விளையாட்டில் வணிகர் கை பிற்காலத்தில் நுழைந்தது என்று வருந்துவோர் வரலாற்றைச் சற்றுப் பிழையாகவே படித்திருக்கிறார்கள். அந்தக் கை முதல் நாளிலேயே துடுப்பில் இருந்தது.

அதற்கு ஏழாண்டு கழித்து நிகழ்ந்த மற்றொரு போட்டி மிக இனியது. 1859-ஆம் ஆண்டு சூலை முதல் நாள் ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ் என்னும் இரு சிறு கல்லூரிகள் பிட்ஸ்பீல்டு என்ற பொது ஊரில் சந்தித்துத் தளப்பந்து ஆடின. கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் தளப்பந்தாட்டம் அதுவே. ஆம்ஹர்ஸ்ட் 73-க்கு 32 என்ற கணக்கில் வென்றது. உடல் வலியோடு அறிவு வலியையும் அளந்து பார்க்க வேண்டும் என்று முன்பே பேசி வைத்திருந்ததால், மறுநாள் சதுரங்கமும் நடந்தது. அதிலும் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியே வென்றது.

பின்னர் விளையாட்டு வளர்ந்தது. கேடும் உடன் வளர்ந்தது. பணம் கொடுத்து ஆட்டக்காரரைச் சேர்த்தல், மாணவரல்லாதாரை மாணவர்போல் இறக்குதல், கல்லூரிக்குக் கல்லூரி தாவுதல் ஆகிய எல்லாம் மலிந்தன. 1895-இல் மேற்குப் பகுதிப் பல்கலைக்கழகத் தலைவர்கள் எழுவர் சிகாகோ நகரில் கூடினர். அக்கூட்டத்தின் விளைவாக மறு ஆண்டு பிறந்ததே இன்று ‘பெரிய பத்து’ எனப் புகழ்பெற்ற கூட்டமைப்பு. 1905-இல் அமெரிக்கக் காற்பந்தில் இளைஞர் பலர் காயமுற்று மாண்டனர். குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்ட் தலையிட நேர்ந்தது. 1906-இல் நாடு தழுவிய கல்லூரி விளையாட்டுச் சங்கம் ஒன்று எழுந்தது. 1910-இல் அது இன்றைய பெயரைப் பெற்றது. அதன் பின்னும் கேடு ஒழியவில்லை என்பதை 1929-இல் கார்னகி அறநிலையம் வெளியிட்ட ஆய்வறிக்கை விரித்துரைத்தது.

பெரிய பல்கலைக்கழகங்கள் இந்தக் கேட்டோடு வாழப் பழகிக்கொண்டன. ஆயிரம், ஆயிரத்தைந்நூறு மாணவரை வைத்திருந்த சிறு தனியார் கல்லூரி என்ன செய்வது? அதன் முன் இரு வழிகள் இருந்தன. பெரியவற்றோடு மோதித் தோற்றுக்கொண்டே இருப்பது ஒன்று. களத்தை விட்டே விலகுவது மற்றொன்று. மூன்றாவது ஒரு வழியைக் கண்டவையே நாம் பேசும் கல்லூரிகள்.

1955-இல் ஆம்ஹர்ஸ்ட், போடின், வெஸ்லியன், வில்லியம்ஸ் ஆகிய நான்கும் ஓர் ஒப்பந்தம் எழுதின. அதை அடியாகக் கொண்டு 1971-இல் கூட்டமைப்பு முறையாகத் தோன்றியது. அந்நான்கோடு பேட்ஸ், கோல்பி, ஹாமில்டன், மிடில்பரி, டிரினிட்டி, டப்ட்ஸ், யூனியன் என்பன சேர்ந்தன. 1977-இல் யூனியன் விலகியது. 1982-இல் கனெக்டிகட் கல்லூரி இணைந்தது. (ஹாமில்டன் நியூயார்க் மாநிலத்தது. பெயரில் உள்ள ‘நியூ இங்கிலாந்து’ அதற்குப் பொருந்தாது. மண்ணைவிட மனம் ஒத்ததே பெரிது என்று கருதினர்போலும்.)

அவ்வுடன்படிக்கையின் சாரம் தன்னடக்கம். விளையாட்டுத் திறனுக்காக எவருக்கும் உதவிப்பணம் இல்லை. ஆடுவோரும் ஏனை மாணவரைப் போன்றவரே. பயிற்சி எந்நாளில் தொடங்கலாம், பருவத்தில் எத்தனை ஆட்டம் ஆடலாம் என்பதற்கு வரம்பு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்சி கல்லூரித் தலைவர்களின் கையில் இருந்தது. பயிற்சியாளர் கையில் இல்லை. 1993 வரையில் தம் அணிகள் நாட்டளவிலான இறுதிப் போட்டிகளுக்குச் செல்வதையே அவை தடுத்து வைத்திருந்தன. தேர்வுக் காலத்தில் மாணவன் புத்தகத்தோடு இருக்க வேண்டும் என்பது கருத்து. அவ்வாண்டில் அந்தத் தடை தளர்ந்தது. எனினும் காற்பந்து அணிகளுக்கு அதன் பின்னும் நெடுங்காலம் நீடித்தது.

வெல்லக்கூடிய போட்டிக்கே போகாதிருப்பது என்ன அறிவு என்று சிலர் நகைத்தனர். ஆனால் 1973-இல் நாட்டுச் சங்கம் தன் உறுப்புக் கல்லூரிகளை மூன்று பிரிவாக வகுத்தபோது, விளையாட்டு உதவிப்பணம் கொடாத கல்லூரிகளுக்கென்றே மூன்றாம் பிரிவை அமைத்தது. இன்று அம்மூவகையுள் மிகப் பல கல்லூரிகளைக் கொண்டது அதுவே. நானூற்றுக்கு மேற்பட்டவை அதில் உள்ளன. சிலர் செய்த அடக்கம் பலருக்கு வழியாயிற்று.

இனி, அளவு ஒத்தவரோடு ஆடுவது ஏன் இன்றியமையாதது என்பதைக் கணக்கால் பார்ப்போம். ஒரு பள்ளியில் ஓடும் வயதுடைய சிறுவர் 40 பேர், மற்றொன்றில் 600 பேர் என்று கொள்வோம். இரு பள்ளிப் பிள்ளைகளும் இயல்பில் சமமானவர்களே. மொத்தம் 640 பேரில் மிக விரைவாக ஓடுபவன் சிறிய பள்ளியில் இருக்க வாய்ப்பு 16-இல் 1. பதினாறு ஆண்டில் ஒருமுறை அப்பள்ளிக்கு முதலிடம் கிடைக்கலாம். இனி அஞ்சல் ஓட்டத்துக்கு வருவோம். 640 பேரில் சிறந்த நால்வரும் சிறிய பள்ளியிலேயே அமைவதற்கு வாய்ப்பு 65,000-இல் ஒன்றுக்கும் குறைவு. வெல்வதற்கு நால்வரும் அப்படி இருக்க வேண்டுமென்பதில்லைதான். ஆயினும் தனி ஓட்டத்தில் அருமையாய் இருந்த வெற்றி குழு ஆட்டத்தில் இன்னும் அருமையாகிவிடுகிறது என்பது தெளிவு. இதில் சிறிய பள்ளியின் ஆசிரியர் சோம்பலுக்கோ பிள்ளைகளின் ஊக்கத்துக்கோ யாதொரு தொடர்பும் இல்லை. வெறும் எண்ணிக்கை செய்யும் வேலை. அந்த எண்ணிக்கையைத் திறமை என்று எண்ணிப் பரிசு கொடுப்பவர்களும் உண்டு. குறை என்று எண்ணித் தலைகுனிபவர்களும் உண்டு.

போட்டியின் வகையும் இதில் சேர வேண்டும். எட்டு அணிகளை வெளியேற்று முறையில் ஆடவிட்டால் ஏழு ஆட்டத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஒரு நாளில் முடியும், செலவு குறைவு. ஆனால் முதற் சுற்றிலேயே நான்கு அணிகள் வீடு திரும்புகின்றன. அவற்றின் பிள்ளைகள் ஆண்டு முழுவதும் பயின்றது ஒரே ஓர் ஆட்டத்துக்காக. அதே எட்டு அணிகள் ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் மோதும் சுழல் முறையில் ஆடினால் 28 ஆட்டங்கள் ஆகும். ஒவ்வோர் அணிக்கும் ஏழு ஆட்டம் கிடைக்கும். முதலாட்டத்தில் தோற்றவன் இரண்டாவதில் திருந்தலாம். திருந்துவதற்கு இடமளிக்கும் போட்டியே கல்விக்கு உரிய போட்டி. வெளியேற்று முறை வென்றவனை அறிவிக்கும். அதற்குமேல் ஒன்றும் செய்யாது. நியூ இங்கிலாந்துக் கூட்டமைப்பிலும் இது ஒரு சிக்கலாய் இருந்தது. காற்பந்து ஆடுவன அங்குப் பத்துக் கல்லூரிகள். நெடுங்காலம் ஒவ்வொன்றும் எட்டு ஆட்டமே ஆடியதால் எவ்வணியும் ஏதேனும் ஒன்றைச் சந்திக்காமலே பருவம் முடியும். 2017-இல் ஓர் ஆட்டத்தைக் கூட்டி ஒன்பதாக்கினர். அதன் பின்னரே எல்லாரும் எல்லாரோடும் ஆடினர்.

இந்தச் சிறு கல்லூரி மரபுக்கும் தமிழருக்கும் உள்ள உறவு வின்சுலோவோடு முடிவதன்று. 1806-இல் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் சிலர் மழைக்கு ஒரு வைக்கோற்போரின் அடியில் ஒதுங்கி நின்று வேண்டுதல் செய்தனர் என்பது அக்கல்லூரியில் வழிவழிச் சொல்லப்படும் நிகழ்ச்சி. அதிலிருந்து எழுந்த ஊக்கத்தால் 1810-இல் அமெரிக்க அயல்நாட்டுச் சமயப் பணிக்குழு தோன்றியது. 1816-இல் அக்குழுவினர் யாழ்ப்பாணம் வந்தனர். 1823-இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவினர். சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற தமிழறிஞர் அங்குக் கற்றவர். 1855-இல் அது மூடப்பட்டது. அவ்விடத்தில் 1872-இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

யாழ்ப்பாணத்தில் கல்லூரி என்பது பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளியைக் குறிக்கும். மெதடிஸ்த சபையாரின் மத்திய கல்லூரி, ஆங்கிலிக்கச் சபையாரின் பரியோவான் கல்லூரி, கத்தோலிக்கரின் புனித பத்திரிசியார் கல்லூரி, சைவர் தம் முயற்சியால் எழுப்பிய யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி எனச் சிறிய தீபகற்பத்தில் தனியார் நிறுவனங்கள் நெருங்கி அமைந்தன. மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் மோதும் கிரிக்கெட் ஆட்டம் ‘வடக்கின் பெரும்போர்’ என வழங்குகிறது. பத்திரிசியார் கல்லூரிக்கும் யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் இடையே 1917-இல் தொடங்கிய ஆட்டத்துக்குப் ‘பொன்னணிகளின் போர்’ என்று பெயர். 1960, 1961-ஆம் ஆண்டுகளில் இலங்கை அரசு உதவி பெறும் பள்ளிகளைத் தன் பொறுப்பில் எடுத்தபோது பரியோவான், பத்திரிசியார், யாழ்ப்பாணக் கல்லூரி ஆகியன தனியாராகவே நின்றன. மத்திய கல்லூரி அரசுப் பள்ளியாயிற்று. உரிமையாளர் மாறினர், எதிரணி மாறவில்லை. உண்மைப் போர் சூழ்ந்த காலத்தில் சில ஆண்டுகள் ஆட்டப்போர் நின்றது. பின்னர் மீண்டும் தொடர்ந்தது.

அம்மத்திய கல்லூரியில் பயின்றவரே நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் 1956-இல் மெல்பர்ன் ஒலிம்பிக்கிலும் உயரம் தாண்டினார். 1958-இல் தோக்கியோவில் 2.03 மீட்டர் தாண்டி, ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு முதற் பொற்பதக்கம் பெற்றுத் தந்தார். 2024-இல் மறைந்தார். அக்காலத்து யாழ்ப்பாணத்தில் ஒரு மாணவன் நடந்து செல்லும் தொலைவுக்குள்ளேயே தனக்கு நிகரான பள்ளிகள் இருந்தன. அண்டையில் ஒத்த அணி இருந்தமையால் களம் ஆண்டுக்கு ஆண்டு உயிரோடிருந்தது. ஆனால் யாழ்ப்பாணத்தாரின் புகழ்பெற்ற போர்கள் இருவருக்கிடையே நடப்பவை. நியூ இங்கிலாந்தார் செய்தது பலருக்கும் பொதுவான விதி. இவ்விரண்டும் ஒன்றல்ல. இருவர் போட்டி உணர்ச்சியால் வாழும். பலர் கூட்டு எழுத்தால் வாழும்.

சென்னைக்கும் அதே நிலத்திலிருந்து ஒருவர் வந்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டில் கூடைப்பந்து 1891-இல் பிறந்த கல்லூரியில் பயிற்சி பெற்ற ஹாரி குரோ பக் என்பவர், 1920-இல் சென்னையில் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். தென்னாட்டுப் பள்ளிகளில் உடற்பயிற்சி ஆசிரியர் என்ற ஒரு பணியே பெரிதும் அங்கிருந்து பரவியதாகும்.

சிறு கல்லூரிகளை வாழ்த்தி மட்டும் பேசினால் நடுநிலையாகாது. 2001-இல் ஷுல்மன், போவன் என்னும் இருவர் எழுதிய ஆய்வு நூல் எதிர்பாராத ஓர் உண்மையைக் காட்டியது. பெரிய பல்கலைக்கழகத்தில் விளையாட்டு வீரர் மாணவர் தொகையில் மிகச் சிறு பங்கினர். சிறு கல்லூரியிலோ அணிகள் பல, மாணவர் சிலர். ஆகவே ஆடுவோர் பங்கு மிகப் பெரிதாகிறது. உதவிப்பணம் இல்லாவிடினும், சேர்க்கையின்போது ஆட்டத் திறனுக்குக் காட்டும் சலுகையால் கல்லூரியின் முகமே மாறிவிடுகிறது. முன்வாயிலை அடைத்தவர்கள் பின்வாயிலைச் சற்றே திறந்து வைத்தார்கள் என்பதுதான் பொருள். தவிர, அக்கல்லூரிகள் சிறியன என்றோமே தவிர ஏழையானவை என்று சொல்லவில்லை. அவற்றுட் சில பெருஞ்செல்வம் படைத்தவை. ஏழைப் பள்ளி ஒன்று அவற்றைப் பார்த்துக் கொள்ளத்தக்கது விதியை மட்டுமே, வசதியை அன்று.

மலேசியாவுக்கு வருவோம். இங்குப் பள்ளி விளையாட்டு மாவட்டம், மாநிலம், நாடு என்ற மூன்று படிகளில் நடைபெறுகிறது. பள்ளிக்குள்ளே சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று இல்லங்கள் பிரித்து ஓடவிடுவர். நூற்றைம்பது பேருக்குக் குறைந்த மாணவரைக் கொண்டதைக் குறைந்த மாணவர் பள்ளி என்று கல்வி அமைச்சு வகுத்திருக்கிறது. ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் அவ்வகையின பல. தோட்டப் பள்ளி ஒன்றில் மேல் வகுப்புச் சிறுவர் பதினைந்து பேர் என்றால், பதினொருவர் அணிக்கு ‘தேர்வு’ என்ற சொல்லே மிகை. நான்கு இல்லமாகப் பிரித்தால் இல்லத்துக்கு நால்வர்கூடத் தேறார். அப்பிள்ளைகள் மாவட்டப் போட்டிக்குப் போய், தகுதிச் சுற்றில் ஒருமுறை ஓடி, எஞ்சிய நேரமெல்லாம் நிழலில் உட்கார்ந்து மற்றவர் ஓட்டத்தைப் பார்த்துத் திரும்புகிறார்கள். ஆறு ஆண்டுப் பள்ளி வாழ்க்கையில் ஓர் இறுதி ஓட்டத்தின் தொடக்கக் கோட்டில் நிற்காமலே பலர் இடைநிலைப் பள்ளிக்குச் சென்றுவிடுகின்றனர். தமிழ்ப்பள்ளிகளுக்கென்று தனியே நடக்கும் போட்டிகள் சில மாநிலங்களில் உண்டு. அவை நல்லன. ஆனால் அங்கும் நகரத்துப் பெரிய தமிழ்ப்பள்ளியும் தோட்டத்துச் சிறிய தமிழ்ப்பள்ளியும் ஒரே நிரலில் நிறுத்தப்படும்போது பழைய கணக்கே திரும்புகிறது.

மாவட்டப் போட்டியை விட வேண்டும் என்பதன்று இங்கே சொல்லப்படுவது. அதற்கு முன்னும் பின்னும் ஒத்த அளவினர் தமக்குள் ஆடும் ஒரு பருவம் இருக்கலாம். கேமரன் மலையைப் போன்ற இடம் அதற்கு இயற்கையாகவே பொருந்தும். ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா என்று ஊர்கள் ஒரே நெடுஞ்சாலையில் கோத்தவை. தோட்டங்கள் அதன் கிளைவழிகளில் உள்ளன. தடை ஒன்று உண்டு, அது நிலம். சரிவெல்லாம் தேயிலை, 400 மீட்டர் ஓடுதடம் அமைக்கத்தக்க சமநிலம் அரிது. ‘தானா ராத்தா’ என்ற மலாய்ச் சொல்லுக்கே சமநிலம் என்றுதான் பொருள். ஊருக்குப் பெயர் வைக்கும் அளவுக்குச் சமநிலம் இங்கே புதுமையாய் இருந்திருக்கிறது. ஆகவே உடன்படிக்கை எழுதுவோர் தடத்தின் நீளத்துக்கேற்ப ஓட்டங்களை அமைத்துக்கொள்ள வேண்டும். அணிக்கு எழுவர் ஆடும் பந்தாட்டம் போதும். ஒவ்வொரு பள்ளியும் ஒருமுறையேனும் விருந்தேற்க வேண்டும்; திடல் இல்லாத பள்ளி பசியாறலுக்குப் பொறுப்பேற்கலாம். வண்டிக் கட்டணத்தைத் தொலைவைக் கருதாமல் சமமாகப் பகிர்ந்துகொள்வது நன்று. இல்லையேல் கோடித் தோட்டத்துப் பள்ளி இரண்டாம் ஆண்டில் நின்றுவிடும். தலைமையாசிரியர்கள் மாறினாலும் விதி மாறாதிருக்க எழுத்தில் வேண்டும், கையொப்பத்தோடு வேண்டும். வாய்ப்பேச்சில் தொடங்கியவை பேசியவர் மாற்றலாகிப் போனதும் முடிவதே வழக்கம்.

நேரமும் கருதத்தக்கது. இம்மலையில் காலை தெளிந்திருந்தாலும் பிற்பகலில் மழை இறங்கிவிடும். காலை எட்டு மணிக்குப் பசியாறலை முடித்து ஆட்டத்தைத் தொடங்கினால் நண்பகலுக்குள் இரண்டு சுற்று முடிந்துவிடும். மழை வந்தபின் வண்டி வரும்வரை பிள்ளைகள் வகுப்பறைக்குள் இருக்க வேண்டியதே. சதுரங்கப் பலகைகளை அப்போது எடுக்கலாம்.